நாரைகள் ஓகே சொன்ன கலர்

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. குளக்கரையில் ஒரு கருவேல மரத்துக்குப் பின்னால் நோட்டும் பேனாவுமாக நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் பாசிப் பச்சையில் ஒரு டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு, பழனிச்சாமி அண்ணன் தண்ணீரை நோக்கிப் பூனை நடை நடந்துகொண்டிருந்தார்.

அண்ணனுக்கு வயது ஐம்பத்தைந்து. திருப்பூரில் நெருப்பெரிச்சல் பக்கம் நிட்டிங் கம்பெனி வைத்திருக்கிறார். பீரோ மாதிரி உடம்பு. அந்த உடம்பு நுனிக்காலில் நடப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. துப்பட்டாவைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டேன்.

தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் பதினைந்து இருபது இருந்தன. அண்ணன் வைக்கும் அடிகளை நான் எண்ணினேன். முப்பதாவது அடியில் ஒரு நாரை கழுத்தைத் தூக்கியது. நாற்பதில் எல்லாமே தூக்கின. ஐம்பதாவது அடியில் சடசடவென்று எழும்பி அக்கரைக்குப் போய்விட்டன.

நோட்டில் எழுதினேன்: 'ஆப்ஷன் பி. ரிஜெக்ட்.'

"என்னங்கம்மிணி, இதுவும் போச்சுங்களா?" என்று அண்ணன் அங்கிருந்தே கத்தினார். கத்திய கத்தலில், போகாமல் இருந்த இரண்டு நீர்க்காகங்களும் பறந்தன.

ஒரு கம்பெனி முதலாளி காலங்காத்தாலே நாரைகளுக்கு டீ-ஷர்ட் போட்டுக் காட்ட வேண்டிய அவசியம் என்ன என்று கேட்பீர்கள். எல்லாம் நான் பண்ணிய வேலை.

முப்பது செகண்ட் வீடியோ

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் தெற்கே கடற்கரை ஊர்க்காரி. பெயர் ஸ்டெல்லா. திருப்பூருக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. வேலம்பாளையத்தில் துணிக்குச் சாயம் போடும் ஒரு டையிங் லேபில் கலர் பார்ப்பது என் வேலை. இரண்டு நீலத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதில் ஒரு சொட்டு சிவப்பு கூடுதல் என்று சொல்லிவிடுவேன். இந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

எங்கள் வீட்டின் பின்கதவைத் திறந்தால் குளம். கடலை விட்டு வந்தவளுக்கு இந்த அளவு தண்ணீர் கிடைத்ததே பெரிய விஷயம் என்றுதான் அந்த வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். மழை முடிந்ததும் எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வரும். கரண்டிவாயன், கூழைக்கடா, தாழைக்கோழி எல்லாம் உண்டு. அவை எல்லாவற்றையும் விட எனக்கு மஞ்சள் மூக்கு நாரைதான். அதன் வால் பக்கம் ஒரு ரோஸ் கலர் இருக்கிறது பாருங்கள், அந்த ஷேடை என் லேபில் கொண்டுவர எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன். வந்ததே இல்லை.

நாரைகள் அதுவரை வந்து போகும். அவ்வளவுதான். போன வருடத்துக்கு முந்தின வருடம், முதல் தடவையாகக் கூடு கட்ட ஆரம்பித்தன. ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு நாரை குச்சியைக் கவ்விக்கொண்டு வந்து இறங்கியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முப்பது செகண்ட் வீடியோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன்.

அதைப் பழனிச்சாமி அண்ணன் ஐந்து குரூப்புக்கு அனுப்பினார். ஐந்து குரூப்பில் இருந்து அது எங்கெங்கே போனதோ கர்த்தருக்குத்தான் தெரியும். யாரோ பாட்டெல்லாம் சேர்த்து, 'இது வெளிநாடு இல்ல, நம்ம திருப்பூர்' என்று எழுதி ரீல்ஸ் போட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்கதவைத் திறந்தால் குளம் தெரியவில்லை. கார் தெரிந்தது.

திருவிழாக் கூட்டம்

கணியூரில் இருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். கரையில் பானிபூரி வண்டி, பஞ்சுமிட்டாய், பலூன் எல்லாம் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற போட்டோவுக்காக ஒரு ஜோடி புகைக்குண்டு கொளுத்தி, ஊதாப் புகை நடுவில் நின்றது. ஒரு குடும்பம் கரையிலேயே கேக் வெட்டி, பர்த்டே பேபியின் மூஞ்சியில் பூசி, குளத்தில் கழுவியது. டிரோன் ஒன்று நாரைக் கூட்டுக்கு மேலே போய் நின்று உள்ளே எட்டிப் பார்த்தது.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? டிரோன்காரனைத் தவிர எல்லாரும் எனக்குத் தெரிந்த மாதிரி ஆட்கள்தான். வாரம் ஆறு நாள் டியூப் லைட் வெளிச்சத்தில் மெஷினோடு மெஷினாக உட்கார்ந்துவிட்டு, லைன் வீட்டில் ஒற்றை அறையில் நாலு பேர் படுத்து எழுந்திருக்கிறவர்கள். அவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. யாரும் வரக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வரட்டும் என்று விடவும் மனசு வரவில்லை. அதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது.

நான் பிறந்த ஊரில் கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே ஒரு மணல் திட்டு நீளமாகப் போகும். அதன் உள்பக்கத்து உப்புத் தண்ணீரில் பூநாரைகள் வந்து நிற்கும். நான் பள்ளிக்கூடம் முடிக்கிற சமயம் அந்த இடம் பெயர் வாங்கிவிட்டது. பஸ் பஸ்ஸாக ஜனம். மணலில் ஜீப் ஓட்டினார்கள். எங்கள் வீட்டிலும் மீன் பொரித்து விற்றோம், அதை மறைக்க மாட்டேன். ஒரு வருடம் பூநாரைகள் வரவில்லை. அடுத்த வருடம் வரும் என்றார் அப்பா. வரவே இல்லை. கடைசியாக அவை என்றைக்குப் பறந்து போயின என்று கேட்டால் எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாரும் மீன் பொரித்துக்கொண்டிருந்தோம்.

இந்தக் குளத்திலும் அது நடந்தால், அதற்குக் காரணம் என் ஸ்டேட்டஸ்தான். கூட்டில் உட்கார்ந்திருக்கும் நாரைகள் கிளம்பிப் போய்விடக் கூடாதே என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

முதலில் டீ-ஷர்ட், அப்புறம் காரியம்

பழனிச்சாமி அண்ணனிடம் போய் நின்றேன். அவரும் ஐந்து குரூப்புக்கு அனுப்பிய பாவத்தில் இருந்தார்.

"கவலய உடுங்கம்மிணி. குழு ஒண்ணு போட்டர்லாம். அறுவது பேரு. கரையச் சுத்தி நிக்கட்டும். அம்புட்டுப் பேருக்கும் நானே டீ-ஷர்ட் அடிச்சுக் குடுத்தர்றனுங்க" என்றார்.

வெளியூர்க்காரர்கள் இதைப் படித்தால் சிரிக்கக்கூடும். திருப்பூரில் கல்யாணம், காதுகுத்து, கிரிக்கெட் டீம், பழனிக்குப் பாதயாத்திரை, எதுவானாலும் முதலில் டீ-ஷர்ட் அடிப்போம். காரியம் என்ன என்று அதற்கப்புறம் யோசிப்போம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அண்ணன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று கேன்சலாகி ஸ்டாக் லாட்டாகக் கிடந்தது. எல்லாம் ட்ரிபிள் எக்ஸ்எல். நம் ஆட்கள் போட்டால் முட்டி வரை தொங்கும். முன்னால் ஒரு நாரை, முதுகில் 'சத்தம் போடாதீங்க'. இரண்டே நாளில் பிரிண்ட் அடித்துக் கொண்டுவந்தார்.

கலர் நியான் மஞ்சள்.

பதினெட்டு வருடம் கலர் பார்த்துப் பிழைத்தவள் நான். அந்தச் சட்டையைக் கையில் வாங்கி, "அருமையா இருக்கு அண்ணே" என்றுதான் சொன்னேன். ரோட்டில் வேலை செய்கிறவனை லாரிக்காரன் தூரத்திலேயே பார்த்து பிரேக் போட வேண்டும் என்பதற்காகவே உண்டாக்கிய கலர் அது. அதைப் போட்டுக்கொண்டு அறுபது பேர் கூச்ச சுபாவமுள்ள பறவைகளைப் பாதுகாக்கக் கிளம்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்தடிக்கு ஒருவராகக் கரையைச் சுற்றி நின்றோம். கூட்டம் எங்களோடு செல்ஃபி எடுத்துக்கொண்டது. "இந்த டீ-ஷர்ட் எங்கீங்க கெடைக்கும்?" என்று பதினோரு பேர் என்னிடம் கேட்டார்கள். பதினோராவது ஆளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது நாரைகள் எழும்பின. ஒன்றுகூட மிச்சமில்லை. குளத்துக்கு மேலே இரண்டு சுற்று சுற்றிவிட்டு வடக்கே போயின. சாயங்காலம் வரை திரும்பவில்லை.

காக்கைகள் வந்தன. ஒரு காக்கை கூட்டில் இருந்து முட்டையைக் கவ்விக்கொண்டு போவதை நான் பார்த்தேன். அந்த மஞ்சள் சட்டையைக் கழற்றி, மூஞ்சியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

சுனிதாவின் வீட்டுக்காரர் சட்டை

வனத்துறையில் இருந்து ஒருவர் வந்து பார்த்தார். கொஞ்ச நாளைக்குக் கரைப்பாதையை அடைத்து வையுங்கள், அப்புறம் ஆட்களை விடுவதானால் அளவாக விடுங்கள் என்றார். வழியில் கயிறு கட்டினோம். மூன்றாம் நாள் நாரைகளில் பாதி திரும்பி வந்தன. ஆனால் கூட்டுப் பக்கம் போகவில்லை. தூரத்து மரத்தில், நாளைக்கே கிளம்பிவிடுகிறவர்கள் மாதிரி நின்றன. சீசன் முடிவதற்குள் மனசு மாறினால் மறுபடி முட்டை வைக்கும் என்றார் அவர். மாறாவிட்டால் வேறு குளம் பார்த்துக்கொள்ளும்.

அப்போதுதான் சுனிதாவைக் கவனித்தேன். சுனிதா பீகாரில் இருந்து வந்தவள். அண்ணன் கம்பெனிக்குப் பக்கத்து யூனிட்டில் டெய்லர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். தமிழ் கற்றுக்கொண்டது முழுக்க இங்கே என்பதால், ஹிந்தி கலந்தாலும் ஒவ்வொரு பேச்சுக்கும் பின்னால் ஒரு 'ங்க' போடுவாள். தினமும் காலையில் குளத்து ஓரமாகப் பொன்னாங்கண்ணி பறிக்க வருவாள். அன்றைக்கு அவள் கீரை பறித்துக்கொண்டிருக்க, பத்தடி தள்ளி ஒரு நாரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்தாள், குனிந்தாள், இருமினாள். நாரை கண்டுகொள்ளவே இல்லை.

"சுனிதா, ஒன்னப் பாத்து அதுக்குப் பயமே இல்லையா?" என்றேன்.

"என்னப் பாத்து எதுக்கு பயம் அக்கா? ரோஜ், தெனமும் வர்றேனுங்க."

சேலைக்கு மேல் அவள் வீட்டுக்காரரின் பழைய சட்டையைப் போட்டிருந்தாள். முழங்கால் வரை தொங்கியது. ஒரு காலத்தில் அது என்ன நிறமோ, இப்போது சேறும் பாசியும் கருவேலம் பட்டையும் சேர்ந்த ஒரு நிறம். குளத்தின் நிறம்.

என் தொழில் புத்தி வேலை செய்தது. பையில் இருந்த குட்டிக் கத்தரிக்கோலை எடுத்து, சட்டையின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டேன்.

"அரே அக்கா! என் ஊட்டுக்காரர் ஷர்ட்டுங்க!"

"புதுசு வாங்கித் தாரேன், போ" என்று ஓடி வந்துவிட்டேன்.

லேபில் எங்கள் வழக்கம் இது. வாங்குகிற பையர் ஒரு துண்டுத் துணியை அனுப்பி இந்தக் கலர் வேண்டும் என்பார். நாங்கள் சின்னச் சின்னத் துண்டுகளில் ஏ, பி, சி என்று மூன்று விதமாகச் சாயம் ஏற்றி அனுப்புவோம். இதற்கு லேப் டிப் என்று பெயர். அவர் எதற்கு அப்ரூவல் கொடுக்கிறாரோ அதில்தான் மொத்தச் சரக்கும் முக்குவோம். இந்த வேலைக்குத் துண்டு போதாது என்று மூன்று நியான் சட்டைகளையே எடுத்து முக்கினேன். நியான் மஞ்சள் அடங்காப்பிடாரி, மேலே எதை ஏற்றினாலும் உள்ளே இருந்து எட்டிப் பார்க்கும். ஏ காக்கி மாதிரி வந்தது. பி பாசிப் பச்சை. சி தான் சுனிதா சட்டைக்கு அப்படியே பொருந்தியது.

கலர் சரிபார்க்கும் லைட் பாக்ஸில் வைத்து நான் பார்த்தால் போதாது, பார்க்க வேண்டிய கண் குளத்தில் இருக்கிறது என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் யோசிக்காமல், "நானே போட்டுட்டு நடக்கறனுங்க" என்றார்.

பையர் ரொம்பக் கறார்

ஏ ரிஜெக்ட். பி ரிஜெக்ட் ஆனதைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். மறுநாள் சி. அண்ணன் முருகனைக் கும்பிட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார். ஐம்பத்தைந்தாவது அடியில் எல்லாம் பறந்தன.

நான் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இதற்கு மேல் என்னிடம் கலர் இல்லை. போய்விடும், இவையும் போய்விடும் என்று மனசு அடித்துக்கொண்டது.

அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். வெயில் அப்போதுதான் கரைக்கு மேலே ஏறியது. சட்டை மரத்தோடு மரமாகக் கலந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே மட்டும் ஏதோ பளபளவென்று என்னை நோக்கி நடந்து வந்தது.

"அண்ணே! வேட்டி!"

"வேட்டிக்கென்னங்க? நேத்துத்தான் கஞ்சி போட்டதுங்க."

"மூணு நாளும் வெள்ளை வேட்டியில்லா கட்டிட்டு நடந்திருக்கிய!"

நம் ஆட்களுக்கு முட்டி வரை தொங்கும் சட்டை அவர் உடம்புக்கு இடுப்போடு நின்றுவிட்டது. கீழே தும்பைப்பூ வெள்ளை. மூன்று நாளும் நான் சட்டையை மட்டுமே பார்த்திருக்கிறேன். இவர் வெள்ளை வேட்டியில் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை, அதனால் அது என் கண்ணில் படவே இல்லை. கலர் பார்க்கும் கண்ணாம், நல்ல கண்.

"இதையும் ஒண்ணு முக்கித் தாரேன் அண்ணே."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "வேட்டியவா? எங்கய்யன் காலத்துல இருந்து வெள்ளதானுங்கம்மிணி. இந்தச் சேத்துக் கலர்ல கட்டுனா எங்கூட்ல சோறு போட மாட்டாங்க."

"நாரை போயிரும் அண்ணே."

வேட்டி நுனியை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு, "பழசு ஒண்ணு குடுக்கறனுங்க. கரை மட்டும் தெரியற மாதிரிப் பாத்துப் பண்ணுங்க" என்றார். கரையும் சேர்ந்துதான் சேறானது. அவர் கொடுத்தது பருத்திக் கரை வேட்டி, சாயம் அதை மட்டும் விட்டுவைக்குமா?

மறுநாள் காலை சேற்றுச் சட்டை, சேற்று வேட்டியோடு அண்ணன் நடந்தார். ஐம்பது. அறுபது. எழுபது. ஒரு நாரை கழுத்தைத் தூக்கியது. அது அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கழுத்தைத் தாழ்த்திக்கொண்டது. தொண்ணூறாவது அடியில் தண்ணீர் ஓரத்துக் கல்லுக்குப் போய்ச் சேர்ந்து, மெதுவாக உட்கார்ந்தார். ஒன்றும் பறக்கவில்லை.

அரை மணி நேரம் அப்படியே இருந்தோம். ஒரு நாரை இறங்கி, அண்ணனுக்குப் பக்கத்து மரத்தில் ஒரு காய்ந்த குச்சியை முறித்தது. அதைக் கவ்விக்கொண்டு நேராகப் பழைய கூட்டுக்குப் போய், சொருகிப் பார்த்தது, சரியில்லை என்று எடுத்து மறுபடி சொருகியது. அண்ணன் என் பக்கம் திரும்பினார். கண்ணெல்லாம் தண்ணீர். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார், என்னையா நாரையையா தெரியவில்லை.

நோட்டில் எழுதினேன்: 'ஆப்ஷன் சி. அப்ரூவ்டு. வேட்டியுடன்.'

நாற்பது

மிச்சச் சட்டைகளையும் சி-யில் முக்கினோம். அதில் கொஞ்சம் திட்டுத் திட்டாக மஞ்சள் எட்டிப் பார்த்தது. அவற்றை ஒதுக்கியது போகச் சரியாக வந்தவை நாற்பது. அந்த நாற்பதுதான் எங்கள் சட்டம் ஆகிவிட்டது. உள்ளே வருகிறவர்கள் கயிறு கட்டிய வாசலில் ஒரு சட்டையை வாங்கி மேலே போட்டுக்கொள்ள வேண்டும். நாற்பதும் போய்விட்டால் ஒருவர் வெளியே வந்து கழற்றிக் கொடுக்கும் வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். பானிபூரி வண்டி வாசலுக்கு வெளியே வரிசைப் பக்கம் இடம் மாறியது. வியாபாரம் முன்னை விட நன்றாக நடப்பதாகக் கேள்வி.

வாசலுக்கு யாரை நிறுத்துவது என்று பேச்சு வந்தபோது, சுனிதா தானாகவே முன்வந்தாள். அவளை ஏமாற்றி ஒருத்தரும் உள்ளே போக முடியாது.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஓவர்டைம் முடித்துவிட்டு வந்தேன். வாசலில் சுனிதா முகம் நிறையச் சிரிப்போடு நின்றாள்.

"அக்கா, பச்சா வந்துருச்சுங்க! காலையில கூட்டுல தல தெரிஞ்சுதுங்க!"

பையை அவள் காலடியில் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். கையை நீட்டி மறித்தாள்.

"ஷர்ட் இல்லீங்க அக்கா. நாப்பதும் போச்சு."

"ஏ, எனக்குமா? சாயம் போட்டதே நாந்தாம்ளா."

"தெரியுமுங்க. லைன்ல நில்லுங்க."

நின்றேன். எனக்கு முன்னால் பதினாறு பேர். உள்ளே இருந்து வெளியே வருகிற ஒவ்வொருவரும் சட்டையைக் கழற்றிக்கொண்டே ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எவரும் சத்தமாகப் பேசவில்லை. எனக்குப் பின்னால் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி இடுப்பில் கை வைத்து நின்றாள். முன்னால் போகச் சொன்னேன். "இருக்கட்டுங்க அக்கா, டாக்டரு நடக்கவும் நிக்கவும்தான் சொல்லியிருக்காங்க" என்றாள்.

என் முறை வந்தது. சட்டை யாருடைய வேர்வையிலோ நனைந்து சூடாக இருந்தது. அப்படியே மாட்டிக்கொண்டு போய்க் கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன். கூட்டின் விளிம்பில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒரு தலை ஆடியது. அதன் பின்னால் இன்னொன்று. தாய் வந்து இறங்கியதும் வாயைப் பிளந்துகொண்டு கூச்சல் போட்டன. சத்தம் போடாதீங்க என்று முதுகில் எழுதியிருக்கிற நாங்கள் நாற்பது பேரும் பேசாமல் நிற்க, குளத்தில் அவை மட்டும்தான் கத்தின. எனக்கு வாழ்க்கையில் அத்தனை சந்தோஷம் சில தடவைதான் வந்திருக்கிறது.

பத்து நிமிஷம் ஆகியிருக்காது. வாசலில் இருந்து சுனிதா கையைக் காட்டினாள், போதும், வெளியே வா என்று. வந்தேன். சட்டையைக் கழற்றிக் கர்ப்பிணிப் பெண்ணிடம் கொடுத்தேன். வயிற்றுக்கு மேல் அதை இழுத்துவிட்டுக்கொண்டே, "எத்தன குஞ்சுங்க அக்கா?" என்று கேட்டாள்.

"நான் சொல்ல மாட்டேன். போய் நீயே எண்ணிட்டு வா" என்றேன்.